இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

சயான் ஆஸ்பத்திரியின் பின்பக்க வராந்தாவில்
முப்பது மீட்டர் இடைவெளியில்
இரண்டு ஆரஞ்சுக் கூம்புகள்.
ஆறு நிமிஷம் நடக்க வேண்டும்.
ஓடக் கூடாது, பேசக் கூடாது,
முடியாவிட்டால் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம்,
கடிகாரம் மட்டும் நிற்காது என்றாள் கேதகி.
முதல் தடவை இருநூற்றுப் பத்து மீட்டர்.
ஜிடிபி நகர் பிளாட்பாரம் அதைவிட நீளம்.
எட்டுப் பன்னிரண்டு லோக்கலை
ஒரு கையில் டிபன் டப்பா, மறு கையில் அறுந்த செருப்போடு
ஓடிப் பிடித்த கால்கள்தானா இவை என்று
குனிந்து பார்த்தேன்.
அதே கால்கள். அதே கோணல் சுண்டுவிரல்.

மூக்கால் இழு, உதட்டைக் குவித்து விடு,
சூடான டீயை ஊதுவதுபோல.
இழுத்ததைவிட விடுவது நீளமாக இருக்கட்டும்.
நாற்பத்தொன்பது வயதில்
இதற்கும் ஒருத்தி சொல்லித்தர வேண்டியிருக்கிறது.
வடாலா வருவதற்குள் நான் ஊதுவதைப் பார்த்து
எதிர் சீட்டுக் குழந்தை திருப்பி ஊதியது.
அதற்கு விசில் வந்தது.

வீட்டில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி,
மூன்று அறைகள், மூன்று நீலப் பந்துகள்.
குழாயை உறிஞ்சினால் பந்து எழ வேண்டும்.
ஒன்று எழும்.
இரண்டாவது, திங்கட்கிழமை காலையில் என் கணவர்போல
கொஞ்சம் அசைந்து மறுபடி படுத்துக்கொள்ளும்.
மூன்றாவதோடு எனக்கு இன்னும் பழக்கமில்லை.

இதெல்லாம் சுலபம்.
கேதகி கொடுத்ததிலேயே கஷ்டமான பயிற்சி
களைப்பதற்கு முன்பே உட்காருவது.
களைத்த பிறகு இல்லை, முன்பே.
புரியாமல் விழித்தேன். இந்தியில் இன்னொரு தரம் சொல்லிவிட்டு
நாற்காலியை இழுத்துப் போட்டுக் காட்டினாள்.
எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும்
விழுவதற்கு முன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.
உலை கொதிக்கும்போதே உட்காரு,
பாதிக் கூடம் பெருக்கியதும் துடைப்பத்தைச் சாத்திவிட்டு உட்காரு,
நன்றாக இருக்கிறது என்று தோன்றும் நாளில்
இன்னும் சீக்கிரம் உட்காரு.
அந்த நாள்தான் ஏமாற்றும்.

ஆண்டாப்ஹில்லில் எங்கள் கட்டடத்துக்கு லிப்ட் கிடையாது.
மூன்றாம் மாடிக்கு ஐம்பத்துநான்கு படி.
நாற்பத்தைந்தாவதில், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுத் திருப்பத்தில்
ஒரு சிவப்பு ஸ்டூல் வாங்கிப் போட்டேன்.
சொசைட்டி செக்ரட்டரி பெட்னேகர் நோட்டீஸ் ஒட்டினார்:
படிக்கட்டில் சொந்தச் சாமான் வைக்கக் கூடாது.
பதில் எழுதத் தெம்பில்லை.
ஸ்டூல் இருந்தது.

ஒரு வாரம் கழித்து அதன்மேல் யாரோ குடித்து வைத்த டீ கிளாஸ்.
அப்புறம் காஸ்காரர்,
சிலிண்டரைக் காலடியில் இறக்கிவிட்டு
கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
ஏழு மாசம் நிறைந்த நஸ்ரீன்
அங்கே உட்கார்ந்து போனில் அவள் அம்மாவோடு சண்டை போட்டாள்.
ஒரு சாயங்காலம் பெட்னேகரே இருந்தார்,
அவர் நோட்டீஸுக்கு நேர் கீழே.
என்னைக் கண்டதும் ஷூ லேஸ் கட்டுவதுபோலக் குனிந்தார்.
போட்டிருந்தது செருப்பு.

நேற்று ஒரு கூரியர் பையன்.
தோளில் மாட்டிய பையோடு, சுவரில் சாய்ந்து
தூங்கியே போயிருந்தான்.
எழுப்ப மனமில்லை, உட்கார வேறு இடமில்லை.
உதட்டைக் குவித்தேன்.
ஒரு படி, ஒரு ஊது.
ஒரு படி, ஒரு ஊது.
பூட்டில் சாவியை நுழைத்த பிறகுதான் உறைத்தது,
எங்கேயும் நான் நிற்கவில்லை.
விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்தேன். தொண்ணூற்று ஐந்து.
அந்தச் சந்தோஷத்தில் மாவரைத்தேன்,
திரைச்சீலைகளைத் துவைத்தேன்,
பரணிலிருந்து குக்கரைக்கூட இறக்கினேன்.

இன்று தலையைத் தூக்க முடியவில்லை.
அடுக்களை மேடையில் மாவு பொங்கி
தரைக்கு வழிகிறது.
கட்டிலில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
பதினோரு மணிக்குக் கேதகி போன் செய்தாள்.
பந்து எழுகிறதா, நடக்கிறீர்களா,
நேரத்துக்கு உட்காருகிறீர்களா?
எல்லாம் சொன்னேன்.
நேற்றைப் பற்றி மட்டும்
மூச்சு விடவில்லை.