நீலக் கோடு

பதிவேட்டில் கீமேன் என்றுதான் இருக்கிறது.
பெண்ணுக்கு வேறு சொல் அவர்களிடம் இல்லை,
எனக்கும் தேவைப்படவில்லை.
காலை ஆறு மணி, ரன்னிமேடு.
தோளில் சுத்தியல், ஸ்பேனர், சுருட்டிய இரண்டு கொடி,
அட்டைப்பூச்சிக்குக் காலில் புகையிலைத் தண்ணீர்.
மேட்டுப்பாளையத்து ரயில் ஏறி வருவதற்குள்
ஹில்குரோவ் பாதி வழி வரை
ஒவ்வொரு போல்ட்டையும் தட்டிக் கேட்க வேண்டும்.

இறுகியது கணீர் என்னும்.
தளர்ந்தது தட் என்னும்.
இவ்வளவுதான் வேலை.

அவர் பதினொரு வருஷம் தட்டிய போல்ட்கள்.
அவருக்கு வந்தது வீட்டில்,
இரண்டாவது இட்லியைப் பிட்டபோது.
அதை முன்கூட்டித் தட்டிப் பார்க்க
சுத்தியல் ஏதும் இல்லை.

வேலைக்கு வந்த மூன்றாம் மாதம் தொடங்கியது.
பத்தடி தாண்டியதும் ஒரு குரல்:
அந்தக் கடைசி போல்ட் கணீர் என்றதா,
என்றதாக நினைத்துக்கொண்டாயா?
திரும்புவேன். தட்டுவேன். கணீர்.
பத்தடி. மறுபடியும்.
ஒருநாள் சுரங்கத்துக்குள் ஏழு முறை போய்வந்தேன்,
வௌவால்களே சலித்துக்கொண்டன.
கழுத்தைப் பிடித்த கோழியாக நெஞ்சு அடிக்கும்.
கண்ணெதிரே பெட்டி சாயும்,
ஜன்னலோரக் குழந்தையின் தொப்பி முதலில் விழும்.
அந்தத் தொப்பி எப்போதும் மஞ்சள்.

குன்னூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்தார்கள்.
ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.
அந்த ஒன்றுமில்லையைத்தான்
இரவெல்லாம் சுமந்துகொண்டிருந்தேன்.
மாத்திரை எழுதட்டுமா என்றார்.
அசந்து தூங்கிவிட்டால் ஐந்து மணிக்கு யார் எழுவது?
முடியாதபோது வருகிறேன் என்றேன்.
வெட்கப்படாமல் வாங்க என்றார். நல்ல மனுஷி.

பிரின்சியின் தையல் டப்பாவிலிருந்து
நீல சாக்பீஸ் எடுத்துக்கொண்டேன்.
தட்டு. கேள். ஒரு கோடு இழு.
குரல் கேட்டால் கோட்டைக் காட்டு.
நான்கு நாள் நன்றாகப் போனது.
ஐந்தாம் நாள் மழை
எல்லாக் கோட்டையும் கழுவிக்கொண்டு போனது.
தண்டவாளத்தில் உட்கார்ந்து அழுதேன்,
பக்கத்தில் ஒரு காட்டெருமை மேய்ந்துகொண்டிருந்தது.

அதன் பிறகுதான் திரும்பாமல் இருந்து பார்த்தேன்.
குரல் கத்தட்டும் என்று விட்டேன்.
நாலு கட்டைக்கு மூச்சை இழுத்து
ஆறு கட்டைக்கு விட்டு
முதல் நாள் பத்துக் கட்டை,
அடுத்த வாரம் வளைவு வரை.
வியர்த்தது, குமட்டியது, செத்துப்போகவில்லை.
ஏறியது ஏறிக்கொண்டே இருக்காது.
மலைமேல் குடியிருக்கிறவளுக்கு
இது தெரிந்திருக்க வேண்டும்.

பாதி வழியில் போஜன் எதிரே வருவார்.
நோட்டை மாற்றிக்கொள்வோம்.
“எல்லாம் டைட்டா?”
“எல்லாம்.”
அந்த வார்த்தை வாயை விட்டுப் போன பிறகு
திரும்பிப் போக வழியில்லை.
அவர் பூண்டு விலை பற்றிப் பேசுவார்.

ஐப்பசியில் மண் சரிந்த மறுநாள்
ஒரு போல்ட் தட் என்றது.
சிவப்புக் கொடியை நட்டேன்,
ஸ்பேனரைப் பூட்டினேன், முழு எடையோடு தொங்கினேன்.
கணீர்.
கையில் நடுக்கமில்லை, நெஞ்சு கிணறாக இருந்தது.
உண்மையான ஆபத்துக்கு
என் உடம்பு பழைய வேலைக்காரி.
இல்லாததற்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை அதற்கு.

அன்றிரவு சிலிண்டரை மூன்று தடவை பார்த்தேன்.
“நீலக் கோடு போடும்மா” என்று
போர்வைக்குள்ளிருந்து சிரித்தாள் பிரின்சி.
நாலாவது தடவை எழவில்லை.
எழவில்லை என்பதையே
விடியும் வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ரயில் வருகிறது, பின்னாலிருந்து எஞ்சின் தள்ள,
மூச்சு வாங்கிக்கொண்டு.
ஜன்னல்களில் கையசைக்கிறார்கள்.
மஞ்சள் தொப்பி ஒன்றும் இருக்கிறது இன்று,
ஒரு பையன் அதை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான்.
பச்சைக் கொடியை நீட்டி நிற்கிறேன்.
காற்றில் கொடி படபடக்கிறது.
என் கை நடுங்குவது
யாருக்கும் தெரியாது.