சமக்குறி

நரின் ஆற்றின் மேல் பனிக்கட்டி இன்னும் விரிசல் விடவில்லை.
மார்ச் விடுமுறையில் பள்ளியைத் திறந்து
எங்களை உள்ளே விட்டார்கள்:
பதினெட்டுக் கணக்கு ஆசிரியர்கள், ஆறு கணினிகள்,
வெதுவெதுப்போடு நிறுத்திக்கொண்ட வெந்நீர்க் குழாய்கள்.
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தோம்.
கையுறை போட்ட விரலுக்கு
ஒரே தட்டில் மூன்று எழுத்து விழும் என்பது
அன்று நாங்கள் கற்ற முதல் பாடம்.

நான்காம் கணினியில் நான், புரூல், ஷெய்ஷென்பெக்.
புரூல் பேசமாட்டாள்.
ஷெய்ஷென்பெக் அவளுக்கும் சேர்த்துப் பேசுவார்.

பிஷ்கெக்கிலிருந்து வந்த ஜிபெக்
கரும்பலகையில் எழுதினாள்:

x = x + 1

சுண்ணக்கட்டியை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை,
இவர் எழுந்துவிட்டார்.
"இருபத்தாறு வருஷமாக இதைத்தான்
சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருக்கிறேன், மகளே.
இரண்டு பக்கமும் x-ஐக் கழி.
சுழியும் ஒன்றும் சமம்.
அப்படியென்றால் இந்த அறையில் ஒருவருமே இல்லை.
நான் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்?"

சிரித்தோம். ஆனால் எங்களில் பாதிப்பேருக்கு
அதே இடத்தில்தான் வயிற்றைப் பிசைந்தது.

"சமம் இல்லை, பைகே" என்றாள் ஜிபெக்.
"இது 'ஆகும்' இல்லை, 'ஆகட்டும்'.
வலப்பக்கம் இருப்பது இப்போதைய x.
இடப்பக்கம், இனி வரப்போவது."
"அப்படியானால் வேறு குறி கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.
இந்த இரண்டு கோட்டை மட்டும் விட்டுவிடுங்கள்.
எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்."

மதியம் உலர்தயிர் உருண்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு
புரூல் தட்டினாள். நான் வாசித்துக் கொடுத்தேன்.
அவர் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார்.
இயந்திரம் சொன்னது: x என்ற பெயரை அறியேன்.
மேல்வரியில் x நிற்கிறது. கீழ்வரியிலும் நிற்கிறது.
அறியேன்.
கீழ்வரியை அழித்து அழித்து எழுதினோம்.
அறியேன்.
ஜிபெக் வந்து குனிந்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்,
அவளுக்கும் தெரியவில்லை.

"மேலே இருப்பது நம்முடைய 'ஹ'" என்றார் அவர்,
சுவரைப் பார்த்தபடி.
"கீழே இருப்பது அவர்களுடைய எக்ஸ்.
நடுவில் இந்தப் பெண் எழுத்தை மாற்றும் விசையை அழுத்தினாள்."
தேர்வறைகளில் நின்று பழகியவர்;
தாளைப் பார்ப்பதில்லை, விரலைப் பார்க்கிறார்.
"ஒன்றுபோல் தெரிகிறது என்பதற்காகச்
சர்வசமம் என்று எந்தப் பிள்ளையையாவது
நாம் எழுத விட்டிருக்கிறோமா?"

ஓர் எழுத்தைத் திருத்தினோம். ஓடியது.
ஒன்று, இரண்டு, மூன்று,
பிறகு வாசிக்க முடியாத வேகத்தில்
எண்கள் கீழ்விளிம்பிலிருந்து மேலேறி மறைந்தன.
எங்கே நிற்க வேண்டும் என்று
நாங்கள் சொல்ல மறந்திருந்தோம்.
அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.
ஐந்து நிமிஷம் மூவரும் பேசாமல் பார்த்தோம்,
x தன்னைத் தானே தாண்டிக்கொண்டே போவதை.

அப்புறம் மின்சாரம் போய்விட்டது.

கருத்த திரைக்கு முன்னால் அவர்தான் கேட்டார்:
"நின்றபோது எவ்வளவு?"
"போச்சு, பைகே. அதற்கு நினைவிருக்காது."
"நான்கு லட்சத்துப் பதினோராயிரத்து..." என்று
தொடங்கினாள் புரூல்.
அன்று அவள் வாய் திறந்தது அதற்குத்தான்.
கடைசி இரண்டு இலக்கம் மட்டும் உறுதியில்லையாம்.

மாலை அட்-பாஷி போகும் வேனில்
நானும் அவரும் முன்னதாகவே ஏறிக்கொண்டோம்.
பதினாறு பேர் சேர்ந்தால்தான் வண்டி எடுப்பார்கள்.
ஓட்டுநன் வெளியே நின்று கூவிக்கொண்டிருந்தான்:
இன்னும் ஒருத்தர், இன்னும் ஒருத்தர்.
கண்ணாடியில் படிந்த மூச்சாவியில்
அவர் விரலால் x எழுதினார்.
சமக்குறி போடவில்லை.
வலமிருந்து இடமாக ஓர் அம்பு,
பிறகு x + 1.
கதவு சாத்தும் ஒவ்வொரு முறையும் உதட்டுக்குள் கூட்டினார்.
பதினாறு.
"பார், இவனுக்கு நிறுத்தத் தெரியும்" என்றார்.

ஓட்டுநன் ஏறி, சாவியைத் திருப்பி, மறுபடி இறங்கி,
மாவு மூட்டையோடு ஓடிவந்த ஒருத்தியையும்
அவள் பையனையும் ஏற்றிக்கொண்டான்.
அவர் கண்ணாடியை முழங்கையால் துடைத்துவிட்டுப்
பையனுக்கு மடியில் இடம் கொடுத்தார்.