பத்துக் கிலோ

எண்ணெய் மூடியைத் திறந்தேன்.
உள்ளே பால்தேத்தண்ணி நிறம்.
கனகராயன்குளம் தாண்டேக்கையே தெரியும்,
ஊசி சிவப்பில் ஏறி ஒட்டிக்கொண்டது.
அன்று புதன் பின்னேரம்.
வெள்ளி விடிய
நல்லையா அண்ணை வவுனியா ஆஸ்பத்திரியில்
மெசினோடு படுக்க வேணும்.

கராச்காரன் ஒரு கிழமை கேட்டான்.
ஹெட்டை லேத்துக்கு அனுப்பி
முகம் சீவ வேணுமாம்.

நானும் அடுத்த வளவு இராசமலரும்
வகனை வேம்புக்குக் கீழே உருட்டினோம்.
பிஸ்கட் பெட்டி மட்டையில் ஓட்டை குத்தி
புஷ்ரொட் எட்டையும் வரிசை குலையாமல் நட்டேன்.
கத்தரிக்கன்று மாதிரி நின்றன.
போல்ற் பத்து. ஒன்பது இளகின.
பத்தாவது முனகி முனகி
வெடிச் சத்தத்தோடு விட்டது.
இராசமலர் நிலத்தோடு குந்திவிட்டாள்.
நானும்தான்.
எழும்பி மண்ணைத் தட்டினோம்,
அதைப்பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

ஹெட்டைத் தூக்கினால்
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்
காஸ்கெற் கறுத்து அரிந்து கிடக்குது.
நெருப்பு தண்ணிக்குள் இறங்கின பாதை
தீக்குச்சி அகலம்கூட இல்லை.

தண்ணி ஓடும் குழிகளில் எங்கள் கிணறு
வெள்ளையாய் இறுகியிருந்தது,
கேத்திலின் அடியில் இருக்கிற மாதிரி.
திருப்புளியால் சுரண்டினேன்.
நல்லையா அண்ணை குடித்ததும்
இந்த ஊர்த் தண்ணிதான்.
சுரண்டினேன்.

மட்டம் பிடிக்க நேரான கண்ணாடி வேணும்.
வீட்டுத்திட்டத்து யன்னல்களுக்குப் பலகை.
அலுமாரிக் கதவின் ஆளுயரக் கண்ணாடிதான்
இந்த வீட்டில் வளையாத ஒரே சாமான்.
கழற்றிப் பாயில் கிடத்தி
சான்பேப்பர் ஒட்டி, மண்ணெண்ணெய் தெளித்து
ஹெட்டைக் கவிழ்த்துப் பிடித்து
எட்டுப் போட்டுப் போட்டு அரைத்தேன்.
தாள் மூடாத இடத்தில்
என் நாடி, மூக்குத்துவாரம், ஒரு வேப்பங்கொப்பு.
கீழிருந்து என்னை நான் பார்த்ததேயில்லை.
முந்நூறு மட்டும் எண்ணினேன். பிறகு
எண்ணாமல் அரைத்தேன்.

புதுக் காஸ்கெற் கிளிநொச்சியில் இருந்து
பஸ் கொண்டக்டரிடம் வந்தது.
இறுக்கும் அளவு காட்டுகிற திறப்பு மட்டும்
மாங்குளம் வரைக்கும் ஒருவரிடமும் இல்லை.

வியாழன் காலை
நாச்சிக்குடாச் சூசைதாசன் ஹோர்ன் அடித்தான்.
மீன் வேண்டாம், தராசைத் தா என்றேன்.
இரண்டடிக் குழாய், நுனியில் கொளுக்கி,
பத்துக் கிலோ இழுவை. கணக்கு அவ்வளவுதான்.
செதில் ஒட்டின முள்ளுக்கு முன்னால்
அவன் குந்தினான்.

நடுவில் தொடங்கி வெளியே, வெளியே.
முதல் சுற்று நாலு கிலோ.
பிறகு ஏழு.
பாரைக்கு விலை கேட்டு வந்த மனிசியிடம்
"பொறணை, எஞ்சின் நிறுக்கிறன்" என்றான்.
கடைசிச் சுற்று.
"எட்டு. ஒன்பது. ஒன்பதரை.
மீன் எண்டால் பத்தெண்டு சொல்லியிருப்பன் சுகிர்தாக்கா,
இன்னும் கொஞ்சம் இழுங்கோ."
இழுத்தேன்.
"நில்."

இரவு விளக்கில் வால்வு இடைவெளி பார்த்தேன்.
கண்ணாடியைத் திருப்பிப் பூட்ட நேரமில்லை.
அது பாயிலேயே கிடக்கட்டும்.

வெள்ளி, நாலு மணி.
நல்லையா அண்ணை பின்சீற்றில்
துவாயும் சோற்றுப்பெட்டியும் மடியில் வைத்து
முன்னமே ஏறி இருக்கிறார்.
மூன்றாம் அடிக்குப் பிடித்தது.
புகை வெள்ளை.
பனியோ தண்ணியோ, இருட்டில் தெரியாது.

"ஓடுமே பிள்ளை?"

ரேடியேற்றர் வாய்க்குள் டோர்ச்சைப் பிடித்தேன்.
ஒரு குமிழி வந்து உடைந்தது.
கையை எடுக்காமல் நின்றேன்.
தெருநாய் ஒன்று வகனைச் சுற்றி வந்து போனது.
சூசையின் மீன் வாசம் இன்னும் என் விரலில்.
இரண்டாவது குமிழி வரவில்லை.
இன்னும் நின்றேன்.
வரவில்லை.

மூடியைத் திருகினேன், கையளவு.
அதற்குத் தராசு தேவையில்லை.