எட்டு எம்பி

கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திவிட்டதாகப்
பேப்பரில் மூன்று வரி வந்த அன்று
எங்கள் கடையில் அது ஓடிக்கொண்டிருந்தது,
கவிழ்த்துப் போட்டபடி.
நிமிர்த்தி வைத்தால் சிடி ஏறாது.
தலைகீழாகக் கிடந்தால்தான் அதற்குக் கண் தெரியும்.

செல்லூர், அகிம்சாபுரம்.
தறிச் சத்தத்துக்கு நடுவே
மூன்று டிவி, ஆறு கைப்பிடி,
அரை மணி நேரம் பத்து ரூபாய்.
கடை என் அண்ணன் ஒச்சப்பனுடையது.
கல்லா என்னுடையது.
பொம்பளைப் பிள்ளை கைப்பிடியைத் தொட்டால்
பையன்கள் வரமாட்டார்கள் என்பது அவன் கணக்கு.
நானும் கேட்டதில்லை.

பள்ளிக்கூடம் நடக்கிற பதினொரு மணிக்குக்
கடை காலி.
அண்ணன் மீனாட்சி பஜாரில்
முப்பது ரூபாய் சிடியை இருபதுக்குக் கேட்டுக்கொண்டிருப்பான்.
அப்போது கால்பந்தைப் போடுவேன்.
ஆடமாட்டேன்.
பேர் மாற்றுவேன்.

வெள்ளைக்காரப் பேர் பதினொன்றையும் அழித்துவிட்டு
ஒவ்வோர் எழுத்தாய் நகர்த்தி நகர்த்தி
எங்கள் தெருவை உள்ளே இறக்கினேன்.
கோலுக்குத் தவுடன்.
அவனுக்கு முன்னால் அஜ்மல், சைக்கிள் கடை ஆரோக்கியம்,
யார் மூத்தவன் என்று எனக்கே தெரியாத அந்த இரட்டையர்.
நடுவில் பாவு ஓட்டுகிற துளசிராம்.
நிஜத்தில் அவனுக்கு ஒரு கால் சற்றுக் குட்டை.
வேகம் தொண்ணூற்றொன்பது கொடுத்தேன்.
முன்வரிசையில் சோலைராசு.
அவனுக்கு மட்டும் தலைமுடியைச் சரிசெய்ய
மூன்று நாள் ஆனது.

சாயங்காலம் பையன்கள் பார்த்துவிட்டுக் கத்திய கத்தலில்
தறியை நிறுத்திவிட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.
ஒச்சப்பன் வேலைதான் என்று எல்லாரும் சொன்னார்கள்.
அண்ணனும் இல்லையென்று சொல்லவில்லை.

பிறகு கரண்ட் போன வருஷங்கள்.
பிறகு ஆளுக்கொரு செல்போன்.
ஒரு பெட்டியின் கண்ணை எடுத்து இன்னொன்றுக்கு வைத்தோம்,
அதன் விசிறியை மூன்றாவதற்கு.
கடைசியில் மூன்றும் சேர்ந்து
ஒரு பெட்டி மிஞ்சியது.
கடை ஜெராக்ஸ் கடை ஆனது.
அண்ணன் திருப்பூர் போனான்.
அது பரணில், ஆதார் விண்ணப்பங்களுக்கு அடியில்
பாரமாக இருந்தது.

போன வியாழக்கிழமை சிவகாசியிலிருந்து ஒரு தம்பி.
பழைய பெட்டிகள் சேர்க்கிறானாம்.
நாலாயிரத்து ஐந்நூறு என்றான்.
நான் தூசி தட்டி, கவிழ்த்துப் போட்டுக் கொடுத்தேன்.
முதலில் தேதி கேட்டது.
உள்ளே பேட்டரி செத்துப்போனதால்
அதற்கு எப்போதும் இரண்டாயிரம், ஜனவரி ஒன்று.
அப்புறம் திரையில் அத்தனை பேரும் வந்தார்கள்.

சோலைராசுவைத் தத்தநேரியில் எரித்து
ஆறு வருஷம்.
திரையில் அவன் பேருக்குப் பக்கத்தில்
சிவப்பு அம்பு மேல்நோக்கி நின்றது.
நல்ல ஃபார்மில் இருக்கிறான் என்று அர்த்தம்.
வயது இருபத்திரண்டு.

"யாருக்கா இவங்கள்லாம்?"
"தெருக்காரங்க."
"அழிச்சிரவா? கார்டு காலியா இருந்தாத்தான் எனக்கு..."
நான் எட்டி, கார்டைப் பிடுங்கினேன்.
"கார்டு இல்லேன்னா ஐந்நூறு கம்மிக்கா."
"கம்மி பண்ணிக்க."

பெட்டி பஸ் ஏறிப் போனது.
கார்டு கல்லாவில் கிடக்கிறது,
ஸ்டேப்ளர் பின்னுக்கும் கிழிந்த பத்து ரூபாய்க்கும் நடுவில்.
அதைப் படிக்கிற சாமான் இனி என்னிடம் இல்லை.
மொத்தம் எட்டு எம்பி.
இன்றைக்கு ஒரு காலை வணக்கம் படத்தில்
பாதி ரோஜாப்பூவுக்குக்கூடப் பத்தாது.

அந்தத் தம்பி பட்டியலை இன்னும் கொஞ்சம்
கீழே இறக்கியிருந்தால் பார்த்திருப்பான்.
மாற்று ஆட்டக்காரர்கள் வரிசை,
ஆகக் கடைசி,
இருபத்திமூன்றாம் நம்பர்: பேச்சி.
உயரம் நூற்று ஐம்பத்தைந்து.
வலது கால்.
எத்தனை ஆயிரம் ஆட்டம் நடந்தது அங்கே.
ஒருத்தனும் அவளை இறக்கிவிடவில்லை.
பதினொரு மணிக்குத் தனியாக இருந்த நானும்.

அவள் பெஞ்சில்தான் இருக்கிறாள்,
தெம்பு ஒரு கோடுகூடக் குறையாமல்.