ஏழாம் வண்டி பாடுகிறது

பழுதுப் புத்தகம், மார்ச் நான்கு.
ஓட்டுநர் ஹாவ்ரானெக்கின் கோழிக்கிறுக்கல்:
"ஏழு. இடப்பக்கம். நடுக்கதவுக்குக் கீழே
ஏதோ பாடுகிறது."

அதற்கடியில் பச்சை மையில் ஸ்திபோர்:
"ஓட்டிப் பார்த்தேன். பாடவில்லை."

ஐந்து: "பாடுகிறது."
ஆறு: "இல்லை."
ஒன்பது: "காதைக் கழற்றிச் சுத்தம் செய்."
பத்தாம் தேதிக் கட்டத்தில்
யாரோ ஒரு வாத்தை வரைந்திருந்தார்கள்.

என் பொறுப்பில் பதினொரு டீசல் வண்டிகள்.
விடியுமுன் நாலே முக்காலுக்கு
ஒன்பது கிளம்பியாக வேண்டும்.
ஒன்று எப்போதும் முட்டுக்கட்டை மேல்
சக்கரமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.
இன்னொன்றுக்கு எண்ணையும் அழித்துவிட்டோம்.
மற்ற பத்தும் அதைத் தின்று வாழ்கின்றன,
நேற்று ஒரு ரேடியேட்டர்,
இன்று கண்ணாடித் துடைப்பான்.
ஏழாம் வண்டியையும் நிறுத்தினால்
ஸ்லாவோனிசெ போகும் முதல் ரயில்
ஒரு பேருந்தாகிவிடும்.
அதில் சைக்கிள் ஏறாது,
குழந்தைவண்டி ஏறாது,
அபராதக் கடிதம் மட்டும் நேரத்துக்கு வந்துசேரும்.

போன இலையுதிர்காலம்தான் அதைத் தோலுரித்தோம்.
தரையை எலும்புவரை சுரண்டினோம்,
துரு தேயிலைத் தூளாய் உதிர்ந்தது.
புது எஞ்சின். புது வெப்பக் குழாய்.
சக்கர நாற்காலி திரும்பும் அளவுக்குக் கழிப்பறை.
த்ரஹொமீரா நான்கு கிலோமீட்டர் கம்பி இழுத்தாள்,
முனைக்கு முனை தன் கையால் எண் எழுதிக் கட்டி.
இத்தனைக்கும் பிறகு
பாட்டா?

பன்னிரண்டாம் தேதி நானே ஏறினேன்.
பூஜ்யத்துக்குக் கீழே ஏழு. கண்ணாடியில் உறைபனி.
பணிமனை வாசலில் மௌனம்.
தெல்ச் நிலையத்தில் நான்கு பேர் ஏறினார்கள், மௌனம்.
குவாரி நிறுத்தத்தில்,
கை காட்டினால் மட்டும் நிற்கும் இடம் அது,
இரவு வேலை முடிந்த முப்பது ஜோடிப் பூட்ஸ்
தூக்கத்தோடு ஏறி
கதவோரமே சாய்ந்தன.
வளைவில்
தொடங்கியது:
ஈர விரலால் கோப்பை விளிம்பைத் தடவினாற்போல்
ஒற்றை மெல்லிய சுருதி.
ஹாவ்ரானெக் திரும்பவில்லை.
ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

முகமெல்லாம் கல்தூசியாய் ஒருத்தி
கண் திறக்காமல் சொன்னாள்:
"இன்றைக்குத் தாமதம்.
நேற்று பாலத்திலேயே ஆரம்பித்துவிட்டது."

இவ்வளவு நாளும்
வெறும் வண்டியைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தோம்.

"மணல் மூட்டை ஏற்றலாமே" என்றார் கணக்கர் ராதோவான்.
மணல் தூங்கி விழாது.
இறங்குமிடத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே
எழுந்து கதவில் குவியாது.

ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தொரு பேரைச் சேர்த்தேன்.
பெயிண்டர்கள், இருக்கை தைப்பவர்கள்,
உணவறையிலிருந்து மாவுக் கையோடு பிளாஷெனா,
ஆறு வருடமாக எங்கள் வண்டி எதிலும் ஏறியிராத ராதோவான்.
"பயணிகள் மாதிரி இருங்கள்" என்றேன்.
உடனே ஜன்னலோரத்துக்குச் சண்டை மூண்டது.

தரைமூடியைத் திறந்து
காதை வைத்துப் படுத்துக்கொண்டார் ஸ்திபோர்.
வளைவு வந்தது.
"எல்லாரும் கதவுக்கு!"
வந்தார்கள். தரை ஒரு மயிரிழை தாழ்ந்தது.
கீழே வெப்பக் குழாய்
அது பாட்டுக்குப் பாடியது.

அவர் கை மெல்ல உயர்ந்தது.
இரண்டு வாஷர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று.
மாட்டியவர் யாரென்று வேலைச் சீட்டைப் புரட்டினோம்.
கையெழுத்து
பச்சை மையில் இருந்தது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
பிளாஷெனா மட்டும் இருமினாள்.

எண்ணழிந்த வண்டி
ஒரு வாஷரையும் கொடுத்தது.

பதினாறு: "பாடவில்லை." அடியில்: "தெரியும்."
அன்று காலை குவாரிப் பெண் கேட்டாளாம்,
"வண்டியை மாற்றிவிட்டீர்களா?
நிறுத்தம் தாண்டித் தூங்கிப்போனேன்."

பதினேழு, கோழிக்கிறுக்கல்:
"ஏழு. வலப்பக்கம். இருமுகிறது."

பச்சை மை:
"நாளை குவாரி வண்டியில் வருகிறேன்.
ஜன்னலோரம் பிடித்து வை."