டோக்கன் ஜன்னல்

மண்டபம் வடக்குக் கரை. மீன்துறை டோக்கன் ஜன்னல்.
இரண்டு வருடமாகக் கம்பிக்கு உள்பக்கம் நான்.
தினக்கூலி; பதிவேட்டில் என் பெயர் மட்டும்
பென்சிலில் இருக்கும், அழிக்கத் தோதாக.

படகு எண், ஆள் கணக்கு, போன நேரம்.
விடிந்தால் வந்த நேரம்.
வேறொன்றும் கிடையாது.

வேலை விண்ணப்பத்தில் ஒரு கட்டம் கேட்டது:
நெட்வொர்க் பாதுகாப்பில் முன் அனுபவம், வருடங்களில்.
பூஜ்ஜியம் போட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
ஒன்று போட்டேன், திறந்தது.
அழித்தேன்.
பூட்டு வேலைக்குப் போகிறவள்
முதல் கதவையே கள்ளச்சாவியில் திறப்பதாவது என்று
அன்றைக்கு ஒரு வீம்பு.
மறுநாள் காலையில் வீம்புக்குப் பசித்தது.

தடைக்காலம் அறுபத்தொரு நாள்.
விசைப்படகெல்லாம் நங்கூரத்தில் சும்மா ஆடிக்கொண்டிருக்க
ஜன்னல் சாத்தியிருந்தது, கூலியும்.
ராமநாதபுரத்தில் ஆறாயிரத்துக்கு ஒரு பழைய மடிக்கணினி,
எஸ் விசை அமுங்காது.
கட்டளைகளில் பாதி எஸ்ஸில்தான் தொடங்கும் என்று
விற்றவனுக்குத் தெரியாது, அன்று எனக்கும்.
பாக்கெட் என்றால் பால்,
போர்ட் என்றால் பாம்பன்,
அங்கிருந்து தொடங்கினேன்.
காற்று பேயாய் அடித்தால் சிக்னல் போகும்;
விட்ட வரியிலிருந்து மறுபடி.
பேசலாமா, பேசலாம், சரி பேசுவோம் என்று
இரண்டு கணினி மூன்று முறை கேட்டுக்கொண்டு
பேச்சை ஆரம்பிப்பதைப் பார்த்த ராத்திரி
எனக்குத் தூக்கமே வரவில்லை.
எங்கள் வீட்டில் யாரும்
அத்தனை மரியாதையாக ஆரம்பித்ததில்லை.

தடை முடிந்து படகு கிளம்பியது.
கிளாடியஸ் அண்ணன் ஐஸ் கம்பெனி வைஃபைக்குக் கடவுச்சொல்,
பெயர்ப்பலகையில் எழுதிய அதே போன் நம்பர்.
கேமராவுக்கு அதுவும் இல்லை.
சொன்னேன்.
"உன்னை யார் பார்க்கச் சொன்னது?"
என்னிடம் பதில் இல்லை.
முதலில் அனுமதி என்று முதல் பாடத்திலேயே இருந்தது,
வாசித்துவிட்டுத் தாண்டியிருந்தேன்.
மறுநாள் ஒரு முழுத்தாள் கொண்டுபோனேன்:
எதைப் பார்ப்பேன், எதைத் தொடமாட்டேன்,
கீழே அவர் கையெழுத்துக்கு இடம்.
மூன்று நாள் கழித்துப் போட்டார்.
எல்லாம் பூட்டி முடித்ததும் கூலி, அரைக் கட்டி ஐஸ்.
இந்தத் தொழிலில் என் முதல் சம்பளம்
சைக்கிள் கேரியரில் சொட்டிச் சொட்டி
வீடு வருவதற்குள் பாதியானது.

நேர்காணல் திரையில்; சென்னையிலிருந்து மூன்று பேர்.
நடுவில் இருந்த அம்மா கேட்டார்:
பதிவுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன,
ஆனாலும் ஏதோ தப்பு என்று எப்படித் தெரியும் உங்களுக்கு?

படித்த பதில் தொண்டையில் நின்றது.
அறுநூற்றுப் பதினாலைச் சொன்னேன்.
ஒரு காலை சூசையா இரண்டு டோக்கனை நீட்டினார்,
தன் படகுக்கு ஒன்று, அதற்கு ஒன்று.
அது எங்கே என்றேன்.
பின்னாடி வருது, எழுதும்மா என்றார்.
வரிசை கத்தியது.
ஒரு ஆள் என் அம்மாவையும் இழுத்தார்.
நான் எழுதவில்லை.
வருது வேறு, வந்தது வேறு.
சாயங்காலம் கட்டியிழுத்து வந்தார்கள்,
விசிறி ஒடிந்த படகை,
குடிதண்ணீர் தீர்ந்த ஐந்து பேரோடு.
கட்டத்தை நிரப்பியிருந்தால்
யாரும் தேடிப் போயிருக்க மாட்டார்கள்.

திரையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
சிக்னல் போய்விட்டது என்றே நினைத்தேன்.
ஓரத்தில் இருந்தவர் கேட்டார்,
"சரிம்மா, முன் அனுபவம் எத்தனை வருடம்?"
பூஜ்ஜியம் என்றேன்.
ஏதோ குறித்துக்கொண்டார்.
இரவுப் பணி, ஆறு மாதம் பயிற்சி, சம்மதமா?
சம்மதம்.
மெயில் வருது, பாருங்க என்றார்கள்.

ஒன்பது நாளாகிறது.
வந்தது என்று
நான் இன்னும் எழுதவில்லை.