அறிய காசு

செவ்வாய்ப்பேட்டையில்
வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடி.
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, பத்து மணி.
கொலுசு மெருகேறும் சத்தம்
எங்களுக்கு முன்பே படியேறிவிடும்.

எல்லோரும் காசு கொண்டுவருவார்கள்.
என் சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பேனா, அவ்வளவுதான்.

துளசிராமின் தட்டில் "செப்பு காசு".
நடுவில் ஒரு க் செருகினேன்.
"இருபது வருஷமா அது இல்லாமத்தான் வித்தேன்" என்றார்.
வசுமதியின் பெட்டியில் "பழைய காசுகள் உள்ளது".
"உள்ளன" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.
அவர் அதைப் புரட்டி, பின்பக்கத்தில்
பால் கணக்குப் போட்டார்.

இத்ரீஸ் மட்டும் திருந்தவில்லை.
எல்லா அட்டைகளிலும் "அறிய காசு".
சின்ன ரி போடுங்கள், அருமையிலிருந்து வருவது.
பெரிய றி போட்டால் தெரிந்துகொள்ள என்று ஆகிவிடும்.
எத்தனை மாதம் சொல்வது?
பதினொரு அட்டை. பதினொன்றிலும் சிவப்பு.
பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒருவர்,
தமிழ் தெரியாதவர்,
அட்டைகளைப் பார்த்துச் சிரித்தார்.
தோற்ற பையனின் விடைத்தாள் என்று நினைத்திருப்பார்.

அடுத்த மாதம் இத்ரீஸின் நாற்காலி காலி.
அதற்கடுத்த மாதமும்.
யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை,
தட்டுகளை மட்டும்
என் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தார்கள்.

குகையில், லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடை.
கை கழுவாமலே ஒரு டப்பாவைத் திறந்தார்.
ஒரு ரூபாய். அச்சு நழுவி,
சிங்கம் ஓரத்தில் ஒதுங்கி,
மீதி வெறும் எஃகு.
"ஆயிரத்து நானூறுக்கு வாங்கினது.
சரியா அடிச்சிருந்தா ஒரு ரூபாதான், சார்."
அடுத்தது தேய்ந்த செம்பு. மூன்று எழுத்து.
ஒன்றிலும் புள்ளி இல்லை.
குறிலா நெடிலா, மெய்யா உயிர்மெய்யா,
அடித்தவனுக்கே வெளிச்சம்.
"படிங்க சார்."
மூன்று விதமாகப் படித்தேன்.
மூன்றும் சரியாக இருந்தது.
இருந்தன.

பிறகு அதை என் உள்ளங்கையில் வைத்தார்.
சின்ன வட்டு. எழுத்தில்லை, எண்ணில்லை, சிங்கமில்லை.
விளிம்பு மட்டும் எழும்பியிருந்தது.
எடை போடத் தேவையில்லை, எனக்குத் தெரியும்.
இரும்பாலையில் இருபத்தாறு வருஷம்
தகட்டிலிருந்து இவற்றை வெட்டித் தள்ளும்
இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவன்.
பிசிறு பார்ப்போம், கீறல் பார்ப்போம்,
கழித்ததை எண்ணி உலைக்கு அனுப்புவோம்.
மிச்சம் மூட்டை மூட்டையாக நாணயச் சாலைக்குப் போகும்,
ஒரு பிழையும் இல்லாமல்,
பிழை செய்ய ஓர் எழுத்தும் இல்லாமல்.
மாலையில் வாசலில்
எங்கள் சட்டையைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள்.
இது எப்படி வெளியே வந்தது என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

அதன் அட்டையில், நீல மையில்:
அறிய காசு. எழுத்து இல்லாதது. ரூ. 300.

பேனா மூடியைத் திறந்துவிட்டேன்.

ஆதார் அட்டையில் என் பெயர் அர்த்தனாரி.
தந்நகரம் வரவேண்டிய இடம்.
மூன்று முறை மனுக் கொடுத்தேன்,
மூன்று முறையும் றன்னகரமாகவே திரும்பி வந்தேன்.
ஓய்வூதியம் அவனுக்குத்தான் வருகிறது.

இதெல்லாம் ஞாபகம் இருந்தது.
இருந்தும் றியை அடித்து ரி போட்டேன்.
கை கேட்கவில்லை.

கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன்.
இத்ரீஸ் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
300ஐ அடித்தார்.
மேலே எழுத்தால் எழுதினார்: முன்னூற்றி ஐம்பது.
"இப்ப தப்பும் இருக்கு, திருத்தமும் இருக்கு.
இந்த மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா சார்?"

முன்னூற்றி.

டீ வந்தது.
பேனாவை மூடிவிட்டு
டம்ளரை வாங்கிக்கொண்டேன்.